டிடிஎஸ் 1,120 என்று வந்த குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊராட்சி போர்வெல் தண்ணீரையும் ஒகேனக்கல்லிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரையும் மேல்நிலைத் தொட்டியில் கலந்து குழாயில் விடுகிறார்கள். பரிசோதனைக்குக் கொடுத்ததில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) 1,120, கடினத்தன்மை 480, குளோரைடு 290, ஃப்ளோரைடு 1.4, நைட்ரேட் 62 என்று வந்திருக்கிறது. கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் கிருமி), எஞ்சிய குளோரின் என்ற இரண்டு கட்டங்களும் காலி. வீட்டில் ஐந்து மாதக் குழந்தையும் ஆறு வயதுப் பையனும் இருக்கிறார்கள். டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டினால் விஷம், சவ்வில் வடிகட்டும் ஆர்ஓ கருவியை உடனே வாங்கு என்கிறார் உறவினர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்:

உங்கள் அறிக்கையில் நான் கடைசியாகக் கவலைப்படும் எண் அந்த 1,120தான். முதல் கவலை, காலியாக விட்டிருக்கும் இரண்டு கட்டங்கள். அடுத்தது நைட்ரேட் 62, குழந்தைக்காக. அதற்கடுத்தது ஃப்ளோரைடு 1.4, பையனுக்காகவும் வெயிலில் வேலை செய்பவர்களுக்காகவும். இந்த வரிசை ஏன் என்று புரிந்துவிட்டால் ஆர்ஓ கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இந்தியாவில் குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்ற தரம்தான் அளவுகோல். இப்போது நடைமுறையில் இருப்பது 2012இல் வந்த பதிப்பும் அதற்குப் பின் செய்த திருத்தங்களும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் அளவு. டிடிஎஸ்ஸுக்கு 500, 2,000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1,000. ஃப்ளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு மட்டும் 45 என்று ஒரே எண். இரண்டாவது கட்டத்தில் 'தளர்வு இல்லை' என்றிருக்கும்.

அந்த இரண்டாவது எண்ணில் உள்ள நிபந்தனையைப் பலரும் படிப்பதே இல்லை. 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' என்று முத்திரை குத்திவிட்டால் விஷயம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் வேறு நீராதாரம் இருக்கிறது, ஒகேனக்கல். அப்படியானால் ஃப்ளோரைடு 1.5க்குள் இருக்கிறது என்று சொல்லி ஊராட்சி கைகழுவ முடியாது. உங்களுக்குப் பொருந்துவது 1.0.

இன்னொன்று. தரப் பட்டியலில் எல்லா எண்களும் ஒரே வரிசையில் அச்சாகியிருப்பதால் எல்லாம் ஒரே கனம் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வோர் எண்ணும் வேறு காரணத்துக்காக வந்தது. சில எண்கள் ருசிக்காகவும், பாத்திரத்திலும் குழாயிலும் உப்பு படியாமல் இருக்கவும் வைத்தவை. சில, வாழ்நாள் முழுக்கக் குடித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டவை. உலக சுகாதார நிறுவனம் இப்படிக் கணக்கிடும்போது பொதுவாக 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினம் 2 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்கிறது. ஈயம், ஆர்சனிக் போன்றவற்றுக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வைத்திருப்பது ஒரு சமரசம்; அளந்து கண்டுபிடிக்கவும் சுத்திகரித்து நீக்கவும் நடைமுறையில் எவ்வளவு முடியும் என்பதையும் பார்த்து வைத்த எல்லை. அதற்குக் கீழே போனால் முழுப் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தமில்லை. கிருமிக்கு மட்டும் சமரசமே கிடையாது: 100 மில்லி தண்ணீரில் மலத்திலிருந்து வரும் ஈ. கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

2019 நவம்பரில் மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்து மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. மும்பையில் எடுத்த மாதிரிகள் தேறின, சென்னையில் எடுத்த பத்தும் தேறவில்லை என்று அப்போது பெரிய செய்தியானது. எனக்கு அந்த விவாதத்தில் பெரிய குறை தெரிந்தது. கடினத்தன்மை கூடியதால் தேறாத தண்ணீரும் கோலிஃபார்ம் இருந்ததால் தேறாத தண்ணீரும் ஒன்றா? முதலாவது சோப்பு நுரைக்காத தண்ணீர். இரண்டாவது நாளைக் காலையிலேயே ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கக்கூடிய தண்ணீர். 'தேறவில்லை' என்ற ஒரு சொல்லில் இரண்டையும் அடைத்துவிட்டால் மக்கள் எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் போகிறது. உங்கள் உறவினர் டிடிஎஸ்ஸுக்குப் பயப்படுவதும் இப்படித்தான்.

சரி, காலிக் கட்டங்களுக்கு வருவோம். ஃப்ளோரைடு கெடுக்கப் பல ஆண்டு ஆகும். கழிவுநீர் கலந்த தண்ணீர் ஒரு டம்ளரில் கெடுக்கும். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா எல்லாம் இந்த வழியில் வருபவை. அதனால்தான் குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்று தரம் கேட்கிறது. தொட்டியில் போட்டது போக, வழியில் கிருமியைக் கொன்றது போக, உங்கள் வீட்டுக் குழாய்வரை மிச்சம் இருக்க வேண்டிய குளோரின் அது. வழியில் எங்காவது குழாய் உடைந்து சாக்கடை உள்ளே போனால் இந்த மிச்சம்தான் காவல். அது பூஜ்யம் என்றால் ஒன்று, போடவே இல்லை. அல்லது போட்டதெல்லாம் வழியில் உள்ள அழுக்கிலேயே தீர்ந்துவிட்டது.

புதிய பிளீச்சிங் பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட குளோரின் கிடைக்கும். மூட்டையைப் பிரித்து ஈரமான அறையில் வைத்திருந்தால் அந்தச் சக்தி நாளுக்கு நாள் இறங்கும். ஆபரேட்டர் தவறாமல் அதே அளவு போடுவார், பலன் மட்டும் குறைந்துகொண்டே வரும். அவர் மேல் குற்றமில்லை; குழாயில் அளந்து பார்க்காமல் தொட்டியில் போட்ட கணக்கை மட்டும் வைத்திருப்பதுதான் குற்றம். அளப்பது ரொம்பச் சுலபம். குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி. தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் வரும் மஞ்சள் நிறத்தை வைத்து அளவு சொல்லலாம். கிருமிக்கும் ஒரு சின்னப் புட்டி இருக்கிறது. தண்ணீரை ஊற்றி வைத்து, ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிட்டால் மலக் கலப்பு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேருக்கு, முடிந்தவரை பெண்களுக்கு, இந்தக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

கிருமி இருக்கிறதா, குளோரின் எவ்வளவு என்று தெரியும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆனால் கொதிக்க வைப்பது கிருமியை மட்டுமே கொல்லும். உப்பும் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். சொல்லப்போனால் கூடும்: 2 லிட்டரைச் சுண்டவிட்டு ஒன்றரை லிட்டராக்கினால் உங்கள் 62 நைட்ரேட் 83ஐ நெருங்கிவிடும், 1.4 ஃப்ளோரைடு 1.9 ஆகிவிடும். நன்றாகக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், சுண்டவிட வேண்டாம்.

இனி நைட்ரேட். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்ற மருத்துவர், உடம்பு நீலம் பாரித்துப்போன கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் அவை; அந்தக் கிணறுகளில் நைட்ரேட் மிக அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு; அங்கே வளரும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அது ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. பெரியவர்களின் உடம்பு இதைச் சரிசெய்துகொள்ளும். சிசுவுக்கு அந்தத் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. பின்னால் நடந்த கணக்கெடுப்புகளில் எந்த அளவுக்குக் கீழே இந்த நோய் காணப்படவில்லையோ அதையே எல்லையாக வைத்தார்கள். நம் 45 அந்த வழியில் வந்தது. பாதுகாப்புக்கென்று பத்து மடங்கு, நூறு மடங்கு குறைத்து வைத்த எண் அல்ல. அதனால் 62 என்பதை 'கொஞ்சம்தானே கூட' என்று தள்ளிவிட வேண்டாம்.

ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் நிம்மதியாக இருங்கள். அம்மா குடிக்கும் நைட்ரேட் பாலில் பெரிதாக இறங்குவதில்லை. ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீரே தேவையில்லை, இந்த வெயிலிலும்கூட. பால்பவுடர் கொடுப்பதாக இருந்தால் இந்தத் தண்ணீரில் கரைக்காதீர்கள், கொதிக்க வைத்தும் கரைக்காதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் கலக்காமல் தனியாகக் கிடைத்தால் அதைக் கொதிக்க வைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். குழந்தையின் உதடோ நகமோ நீலமாகத் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பரிசோதனைக் கூடத்தில் ஒன்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும்: அந்த 62 நைட்ரேட்டாகவா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகவா? நம் 45ம் அமெரிக்காவின் 10ம் ஏறக்குறைய ஒரே எல்லைதான். அவர்கள் நைட்ரஜனை மட்டும் எடை போடுகிறார்கள். உங்கள் 62 நைட்ரஜன் கணக்கில் வந்திருந்தால் உண்மையான நைட்ரேட் 270ஐத் தாண்டும். பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் எழுதியிருப்பார்கள், ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது.

நைட்ரேட் இன்னொரு விதத்திலும் துப்பு கொடுக்கும். பாறையிலிருந்து அது இவ்வளவு வருவது அபூர்வம். செப்டிக் டேங்க், மாட்டுக்கொட்டகை, வயலில் போட்ட யூரியா, இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வழக்கமாக வரும். உங்கள் அறிக்கையில் குளோரைடும் 250ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கழிவுநீர் இறங்குகிறதோ என்று சந்தேகிக்கத் தோன்றும். காலிக் கட்டத்தை முதலில் நிரப்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃப்ளோரைடு உங்கள் மாவட்டத்தின் பழைய துயரம். கிரானைட், நைஸ் போன்ற கடும்பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து அது மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. ஆழமாகத் துளைக்கத் துளைக்க, தண்ணீர் பாறையோடு கிடந்த காலமும் கூடும். ஃப்ளோரைடு கூடிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோயை இந்தியாவில் முதலில் விரிவாகப் பதிவுசெய்ததே பழைய சென்னை மாகாணத்தில்தான்: 1937இல் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் முதுகு வளையாமல் இறுகிப்போன மனிதர்களைப் பற்றி ஷார்ட்டும் அவருடன் இருந்த மருத்துவர்களும் எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லில் உள்ள பழுப்புக் கறையைப் பார்த்து வெற்றிலை போடுகிறவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்ததுண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஏது வெற்றிலை? ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008இல் தொடங்கி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உங்கள் ஊருக்கு வருவதே இதற்காகத்தான்.

இதில் ருசியை நம்பவே கூடாது. கால்சியம் அதிகமுள்ள கடினநீரில் ஃப்ளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்காது, கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில்தான் அது தாராளமாகக் கரையும். அதாவது உப்பு என்று ஊரே ஒதுக்கிய கிணற்றைவிட, பருப்பு நன்றாக வேகிறது என்று தேடிப் போகும் போர்வெல்லில் ஃப்ளோரைடு அதிகமாக இருக்கலாம். டிடிஎஸ் மீட்டரும் இதைக் காட்டாது. ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றரை எங்கே தெரியப்போகிறது?

சிலர் இணையத்தில் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் 4 வரை அனுமதி இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், 1986இல் வைத்த சட்டபூர்வ எல்லை அது. எலும்பை முடக்கும் கடைசி நிலை வராமல் தடுப்பதுதான் அதன் நோக்கம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 1.5, அதையும் அந்தந்த நாட்டு வெப்பத்தையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்துக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த இடம்தான் நம் ஊருக்கு முக்கியம். தண்ணீர், உணவு எல்லாம் சேர்ந்து நாளுக்கு 14 மில்லிகிராம் உள்ளே போனால் எலும்புக்குத் தெளிவான கேடு. ஏறக்குறைய 6 மில்லிகிராமிலிருந்தே அபாயம் தொடங்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நிழலில் உட்கார்ந்து 2 லிட்டர் குடிப்பவருக்கு உங்கள் தண்ணீரில் 2.8 மில்லிகிராம். பங்குனி வெயிலில் களை எடுத்துவிட்டு 5 லிட்டர் குடிப்பவருக்குத் தண்ணீரிலிருந்து மட்டும் 7. சோறு வேகும்போது உறிஞ்சும் தண்ணீரும் டீத்தூளில் உள்ள ஃப்ளோரைடும் தனி. ஒரே குழாய், ஒரே எண். அவருக்கு மட்டும் அபாயம். தர எண்ணை வைத்து 'பரவாயில்லை' என்று சொல்கிறவர்கள் இந்தக் கூலித்தொழிலாளியை மனதில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

உங்கள் பையனுக்கு ஆறு வயது. ஞானப்பல் தவிர மற்ற நிலையான பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுவரை உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். அதற்குள் கூடுதலாகப் போகும் ஃப்ளோரைடுதான் பல்லில் வெள்ளைத் திட்டாகவும் பழுப்பாகவும் நிற்கும். அப்புறம் தண்ணீரை மாற்றினாலும் போகாது. அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் நல்ல தண்ணீர் கொடுத்தாலே பாதி சண்டை ஜெயித்த மாதிரி.

டிடிஎஸ் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடலாம். கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் கூட்டுத்தொகை அது. 1,120இல் ருசி கொஞ்சம் கரிக்கும், பாத்திரம் வெளுக்கும், ஹீட்டர் கம்பியில் காரை பிடிக்கும். 480 கடினத்தன்மைக்கும் அதே கதைதான். இரண்டுமே இரண்டாவது எல்லைக்குள் இருக்கின்றன. விஷம் என்பது மிகை. யாருக்காவது ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் சோடியம் எவ்வளவு என்று தனியாகப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் யுரேனியத்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்வேன், கடும்பாறை போர்வெல் என்பதால். அதற்கு எல்லை லிட்டருக்கு 0.03 மில்லிகிராம்.

ஆர்ஓ வாங்கலாமா என்றால், டிடிஎஸ்ஸுக்காக வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடிக்க முடியுமானால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. இன்னும் ஒரு குழாய், ஒரு குடம், அவ்வளவுதான் செலவு. அது முடியாதபோது நைட்ரேட்டுக்காகவும் ஃப்ளோரைடுக்காகவும் ஆர்ஓ நியாயமான வழிதான். கேண்டில் ஃபில்டரோ புற ஊதா விளக்கு மட்டும் உள்ள கருவியோ இரண்டையும் தொடாது. வாங்கினால், மீட்டரில் எண் குறைந்ததைப் பார்த்துத் திருப்திப்படாமல், வெளிவரும் தண்ணீரை நைட்ரேட்டுக்கும் ஃப்ளோரைடுக்கும் சோதித்துவிட்டுக் குடியுங்கள். மற்ற பல உப்புகளைவிட நைட்ரேட் சவ்வைத் தாண்டி எளிதாக நழுவும். சவ்வு பழசானால் இன்னும் எளிதாக. கழிவாக வெளியேறும் தண்ணீர் குடிக்கக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம், அதை வீணாக்காமல் பாத்திரம் கழுவவோ துடைக்கவோ வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு ஆர்ஓ வந்துவிட்டால் பக்கத்து வீட்டில் 62 அப்படியேதான் இருக்கும். ஐ.எஸ். 10500ஐக் குழாய்த் தண்ணீர் வழங்கும் அமைப்புகள் பின்பற்றியே தீர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1974 சட்டம் அவர்களுடைய குடிநீர்த் தரத்தைக் கட்டாயமாக்கியது, அங்கே ஆண்டுதோறும் தண்ணீர் அறிக்கையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இங்கே அந்த இடத்தை நாம் கேள்வி கேட்டுத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராமசபை கூடுகிறது. அந்தக் கூட்டத்திலோ அதற்கு முன்னால் வரும் கூட்டத்திலோ மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: போர்வெல்லையும் ஒகேனக்கலையும் எந்த விகிதத்தில் கலக்கிறார்கள், ஒகேனக்கல் வராத நாளில் என்ன விடுகிறார்கள், கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். போர்வெல்லில் 2.4ம் ஆற்றுநீரில் 0.4ம் இருப்பதாக வைத்துக்கொண்டால், சரிபாதி கலந்த நாளில் 1.4 வரும், ஆற்றுநீர் நின்ற நாளில் நீங்கள் குடிப்பது 2.4. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாளின் கணக்கு.

அடுத்த மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கே கொண்டுபோகலாம். கிருமிச் சோதனைக்கு அவர்களே கிருமிநீக்கிய புட்டி தருவார்கள். வீட்டு பாட்டில் ஆகாது. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, புட்டியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். போர்வெல்லில் ஒன்று, வீட்டுக் குழாயில் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள், சித்திரை வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை. நான்கு அறிக்கைகளிலும் நைட்ரேட், ஃப்ளோரைடு, கோலிஃபார்ம், குளோரின் ஆகிய நான்கு வரிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், போர்வெல்லை மூடச் சொல்வதா, கலப்பு விகிதத்தை மாற்றச் சொல்வதா, குழாய் உடைப்பைத் தேடச் சொல்வதா என்பது தெரிந்துவிடும்.